கோட்டின் ஓரத்து ஆள்: ஸ்ப்ரெட் ஆட்டத்துக்கு டைட் எண்டைத் தேடுவது

2024 செப்டம்பர் 7 அன்று பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் நகரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஒஹாயோவின் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கால்பந்தில் மோதின. பென் ஸ்டேட் நாட்டின் முன்னணிக் கல்லூரி அணிகளில் ஒன்று. பவுலிங் கிரீன் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற சிறிய லீகைச் சேர்ந்தது. ஒருதலையாக முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் 34-27 வரை இழுத்துக்கொண்டு போனது. அன்று இரு அணியிலும் பந்தை அதிகம் பிடித்தவர்கள் டைட் எண்டுகள். பவுலிங் கிரீனின் ஹெரால்ட் ஃபானின் 11 கேட்ச் பிடித்து 137 கஜம் எடுத்தார். பென் ஸ்டேட்டின் டைலர் வாரன் 8 கேட்சில் 146 கஜம் எடுத்தார். சீசன் முடிவில் சிறந்த கல்லூரி டைட் எண்டுக்கான ஜான் மேக்கி விருது வாரனுக்குக் கிடைத்தது. ஃபானின் 117 கேட்ச், 1,555 கஜம் என்று முடித்தார். கல்லூரி ஆட்டத்தின் உயர் பிரிவில் எந்த டைட் எண்டும் ஒரே சீசனில் அதுவரை அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

வாரன் பள்ளிக்கூடத்தில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக். ஃபானினைப் பெரிய பல்கலைக்கழகங்கள் நாடி வரவில்லை. நாட்டின் மிகச் சிறந்த இரண்டு டைட் எண்டுகளில் ஒருவர் பள்ளியில் வேறு வேலை பார்த்தவர், இன்னொருவர் பெரிய அணிகளின் கண்ணில் படாதவர் என்றால், இந்த இடத்துக்கு ஆள் எடுக்கும் முறையையே ஒருமுறை முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எப்படிப்பட்ட பையனை எடுப்பது, எங்கே தேடுவது, எவ்வளவு காலம் காத்திருப்பது? மைதானத்தின் அகலம் முழுவதும் பரவி நின்று ஆடும் ஸ்ப்ரெட் முறையைப் பின்பற்றும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிறது. அவற்றில் பல தவறான இடத்தில் தேடுகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணியில் 4 பேருக்கு மேல் பின்வரிசையில் நிற்கக் கூடாது என்பதால் வழக்கமாக 7 பேர் பந்து இருக்கும் கோட்டின்மேல் நிற்பார்கள். அந்த 7 பேரில் இரு ஓரங்களிலும் நிற்கும் இருவர்தான் முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்கலாம். இடையில் நிற்கும் 5 லைன்மேன்களுக்கு மறிக்கும் வேலை மட்டும்தான். ஓரத்து ஆள் தள்ளிப்போய் மைதான விளிம்பருகே நின்றால் அவர் வைட் ரிசீவர். லைன்மேனுக்கு ஒட்டியே நின்றால் டைட் எண்ட். மறிக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். கிரிக்கெட் பார்ப்பவர்கள் ஆல்-ரவுண்டரை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இவர் தன் இரண்டு வேலைகளில் எதைச் செய்யப்போகிறார் என்று பந்து அசையும்வரை எதிரிக்குத் தெரியக் கூடாது.

பிடிக்கும் வேலைக்கு இந்த இடம் எவ்வளவு பயன்படும் என்று காட்டியவர் மைக் டிட்கா. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து சிகாகோ பேர்ஸ் அணிக்குப் போய், 1961-ல் தன் முதல் தொழில்முறை சீசனிலேயே 56 கேட்ச், 1,076 கஜம், 12 டச் டவுன் எடுத்தார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து பால்டிமோர் கோல்ட்ஸ் போன ஜான் மேக்கி அடுத்து வந்தார். விருது அவர் பெயரில்தான்.

ஆனால் ஸ்ப்ரெட் முறை பிறந்தபோது டைட் எண்டுக்கு அதில் இடமில்லை. மைதானத்தின் அகலம் 160 அடி. தாக்குபவர்கள் அந்த அகலம் முழுவதும் பரவி நின்றால் தடுப்பவர்களும் பரவ வேண்டும். நடுவில் கூட்டம் குறையும். ஓடவும் வீசவும் வெளி கிடைக்கும். லைன்மேனுக்கு ஒட்டி நிற்கும் ஒவ்வொரு டைட் எண்டும் தன்னோடு ஒரு தடுப்பாளரை நடுவுக்கு இழுத்து வருகிறார். ஆகவே அவரை எடுத்துவிட்டு இன்னொரு ரிசீவரைப் போடு என்பதே ஸ்ப்ரெட் முன்னோடிகளின் முதல் முடிவு. மவுஸ் டேவிஸ் 1970-களில் போர்ட்லண்ட் ஸ்டேட்டில் வளர்த்த ரன் அண்ட் ஷூட் முறையில் டைட் எண்டே கிடையாது. அதே வழியில் ஆடிய ஹூஸ்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரே வேர் 1989-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றார். ஹால் மம்மியும் மைக் லீச்சும் சேர்ந்து வளர்த்த ஏர் ரெய்ட் முறையை லீச் 2000-ல் டெக்சஸ் டெக்குக்கு எடுத்துப்போனபோது அங்கும் டைட் எண்ட் அநேகமாக மறைந்துபோனார். ஓட்டத்தை மையமாக வைத்து ஸ்ப்ரெட் ஆடிய ரிச் ரொட்ரிகஸும் அவரைப் பெரிதாக நம்பவில்லை.

இந்தக் கதையில் இரண்டு விதிவிலக்குகள் அப்போதே இருந்தன. அவற்றைப் போதிய அளவு யாரும் கவனிக்கவில்லை. கென்டக்கியில் மம்மியின் ஏர் ரெய்டில் ஆடிய ஜேம்ஸ் வேலன் 1999-ல் 90 கேட்ச் பிடித்து அனைத்து அமெரிக்க அணியில் இடம்பிடித்தார். அடுத்த ஆண்டு, 2000-ல், மேக்கி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் பர்டூவின் டிம் ஸ்ட்ராட்டன். பர்டூவின் பயிற்சியாளர் ஜோ டில்லர் பிக் டென் லீகுக்கு ஸ்ப்ரெட்டைக் கொண்டுவந்தவர். ஸ்ட்ராட்டனுக்குப் பந்து வீசியவர் ட்ரூ பிரீஸ். நாட்டின் சிறந்த டைட் எண்டுக்கான முதல் விருதே ஒரு ஸ்ப்ரெட் அணிக்குத்தான் போயிருக்கிறது. டைட் எண்டுக்கு இடமில்லை என்ற கொள்கை பரவிக்கொண்டிருந்தபோதே அதற்கு மறுப்பு களத்தில் நடந்துகொண்டிருந்தது.

லீச்சின் பயிற்சிக் குழுவிலிருந்து கிளம்பியவர்களையே பாருங்கள். சன்னி டைக்ஸ் 2007-ல் அரிசோனாவுக்கு ஏர் ரெய்டை எடுத்துப்போனார். அங்கே அவருக்குக் கிடைத்த டைட் எண்ட் ராப் கிரான்கவ்ஸ்கி. 2008-ல் 10 டச் டவுன். லிங்கன் ரைலி ஓக்லஹோமாவுக்குப் போனார். அங்கே அவரிடம் ஆடிய மார்க் ஆண்ட்ரூஸ் 2017-ல் 62 கேட்ச், 958 கஜம் எடுத்து மேக்கி விருதை வென்றார். டைட் எண்ட் வேண்டாம் என்ற பள்ளியில் படித்தவர்களே டைட் எண்டைத் திரும்ப அழைத்தார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு. ஆள் எடுக்கும் கேள்விக்கான விடையும் அந்தக் காரணங்களுக்குள்தான் இருக்கிறது.

முதல் காரணம், தடுப்பவர்களின் உடல் சிறுத்துப்போனது. நாலைந்து ரிசீவர்களைத் துரத்த வேண்டியிருந்ததால் கல்லூரிகள் தடுக்கும் லைனுக்குப் பின்னால் நிற்கும் கனமான லைன்பேக்கர்களை எடுத்துவிட்டு வேகமான, எடை குறைந்த பின்தடுப்பாளர்களைப் போட்டன. ஐந்து பின்தடுப்பாளர்கள் நிற்பதே பல அணிகளின் அடிப்படை அமைப்பாகிவிட்டது. 190 பவுண்டு ஆளுக்கு எதிரே 240 பவுண்டு ஆளை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது காரணம் ஆள் மாற்றும் விதி. என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். தாக்கும் அணி ஆளை மாற்றினால் தடுக்கும் அணிக்கும் ஆளை மாற்ற நேரம் கொடுக்க வேண்டும். அதுவரை நடுவர் பந்தை ஆட விடமாட்டார். தாக்கும் அணி ஆளை மாற்றவில்லை என்றால் அந்த நேரம் கிடையாது. உடனே அடுத்த ப்ளேயை ஆரம்பிக்கலாம். இப்போது ஒரு டைட் எண்டை எண்ணிப் பாருங்கள். முதல் ப்ளேயில் லைன்மேனுக்கு ஒட்டி நின்று மறிக்கிறார். அடுத்ததில் ஸ்லாட்டில், அதாவது லைனுக்கும் விளிம்பு ரிசீவருக்கும் நடுவே, ரிசீவராக நிற்கிறார். மூன்றாவதில் குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் பின்வரிசையில் நிற்கிறார். களத்தில் அதே 11 பேர்தான். ஆட்டத்தின் வடிவம் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. எதிரணி கனமான ஆட்களை வைத்திருந்தால் அவர் வெளியே போய்ப் பந்து பிடிக்கிறார். மெலிந்த ஆட்களை வைத்திருந்தால் உள்ளே வந்து மறிக்கிறார். வேகமாக ஆடும் அணிக்கு இப்படி ஒருவர் கிடைத்தால், எதிரணி எந்த ஆட்களை வைத்திருந்தாலும் அது தப்பான தேர்வாகிவிடும். பல்துறைத் திறன் என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் உண்மையான மதிப்பு இதில் இருக்கிறது. ஒரு வேலையை மட்டும் செய்யத் தெரிந்தவர் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் இந்தப் பயனைத் தர முடியாது.

மூன்றாவது காரணம் கல்லூரி ஆட்டத்துக்கே உரிய ஒரு சலுகை. பந்து வீசப்படும் ப்ளேயில் லைன்மேன்கள் கோட்டைத் தாண்டி 3 கஜம் வரை முன்னே போகலாம். தொழில்முறை ஆட்டத்தில் 1 கஜம்தான். ஆகவே லைன்மேன்கள் ஓட்டத்துக்கு மறிப்பதுபோலவே முன்னேறிக்கொண்டிருக்க, குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் ஓடவா வீசவா என்று முடிவெடுக்கலாம். ஆர்.பி.ஓ. என்ற இந்த உத்தியில் டைட் எண்ட் மறிக்கப் போவதுபோல் கிளம்பி, லைன்பேக்கரின் முதுகுக்குப் பின்னால் வழுக்கிப் போய் நிற்பார். ஓட்டத்தைத் தடுக்க லைன்பேக்கர் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டால் போதும், பந்து அவர் தலைக்குமேல் போய்விடும்.

மைதானத்தின் ஹேஷ் கோடுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. கல்லூரி மைதானத்தில் அவற்றுக்கு இடையே 40 அடி. தொழில்முறை மைதானத்தில் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து ஒரு ஹேஷ் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி வெளி இருக்கும். குறுகிய பக்கத்தில் டைட் எண்டை நிறுத்திவிட்டு அகன்ற பக்கத்தில் மூன்று ரிசீவர்களைப் பரப்பினால், தடுக்கும் அணி அந்தப் பக்கமே சாய வேண்டியிருக்கும். இந்தப் பக்கம் டைட் எண்டோடு ஒருவர் மட்டும் தனியே நிற்பார்.

இனி மறித்தல். ஆள் எடுப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பழைய முறை ஆட்டத்தில் டைட் எண்ட் என்றால் தடுக்கும் லைனின் ஓரத்தில் நிற்கும் 265 பவுண்டு டிஃபென்சிவ் எண்டை நேருக்கு நேர் மோதி நகர்த்த வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட இன்னொரு லைன்மேனே தேவைப்பட்டார். ஸ்ப்ரெட்டில் சோன் ரீட் என்ற உத்தி வந்தபிறகு அந்தக் கணக்கு மாறியது. குவார்ட்டர்பேக் ஒரு டிஃபென்சிவ் எண்டை யாரும் மறிக்காமல் விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் தானே பந்தோடு வெளியே ஓடுகிறார். அவர் வெளியே நின்றால் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். அந்த டிஃபென்சிவ் எண்டைக் குவார்ட்டர்பேக்கின் கண்ணே கட்டிப்போட்டுவிடுவதால், டைட் எண்ட் அவரைச் சுற்றி வளைந்து போய்ப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரையோ கடைசித் தடுப்பாளரான சேஃப்டியையோ மறிக்கலாம். இன்னொரு ப்ளேயில் லைனுக்குப் பின்னால் குறுக்கே ஓடி மறுபக்கத்து டிஃபென்சிவ் எண்டை வெட்டுகிறார்.

இவை எல்லாம் ஓடிக்கொண்டே செய்யும் மறிப்புகள். நின்ற இடத்தில் மோதி நகர்த்தும் பலத்தைவிட, வேகமாக அசையும் சிறிய ஆளைத் திறந்தவெளியில் தேடிப் பிடித்து நிறுத்தும் சமநிலை இதற்கு வேண்டும். எடை 230 இருந்தாலும் போதும். கால் நிற்க வேண்டும், கண் அளக்க வேண்டும், உடம்பைக் கொடுக்க மனம் இருக்க வேண்டும். ஸ்ப்ரெட் ஆடும் அணியில் டைட் எண்டுக்கு மறிக்கத் தெரிய வேண்டியதில்லை என்று சொல்பவர்கள் இந்த மாற்றத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். அவர் மறிக்கும் இடம் மாறியது, மறிக்கும் ஆள் மாறினார். மறிக்கும் கடமை அப்படியே இருக்கிறது. மறிக்காத டைட் எண்டைப் பார்த்து எதிரணி மெலிந்த ஆட்களை அப்படியே வைத்துக்கொள்ளும். மேலே சொன்ன பயன் அத்தனையும் அந்த இடத்திலேயே போய்விடும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு அணி கட்டியவர்கள் உண்டு. மிசூரியின் கேரி பிங்கல் தன் ஸ்ப்ரெட் அணியை இரண்டு டைட் எண்டுகளைச் சுற்றி அமைத்தார். மார்ட்டின் ரக்கர் 2007-ல் 84 கேட்ச் பிடித்தார். அந்த அணி 12 வெற்றி, 2 தோல்வியோடு முடித்தது. கூட ஆடிய சேஸ் காஃப்மன் அடுத்த ஆண்டு 90 கேட்ச், 987 கஜம் எடுத்து மேக்கி விருது பெற்றார். இருவரும் மிசூரி மாநிலத்துப் பையன்கள். காஃப்மனின் தந்தை பால் காஃப்மன் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் டைட் எண்ட். பக்கத்து வீட்டில் இருக்கும் ஆளை மற்றவர் முன்னால் பார்த்து எடுப்பதும் ஒரு திறமைதான்.

அயோவா ஸ்டேட்டில் பயிற்சியாளராக இருந்தபோது மேட் கேம்பல் செய்தது இன்னும் துணிச்சலானது. அவர் ஆடிய பிக் 12 லீக் நாட்டிலேயே அதிகம் பரவி ஆடும் லீக். எதிரணிகள் எல்லாம் ரிசீவர்களைத் துரத்தத் தயாராக இருந்தபோது அவர் இரண்டு, மூன்று டைட் எண்டுகளை ஒன்றாகக் களமிறக்கினார். 2020-ல் அந்த அணி 9 வெற்றி, 3 தோல்வி என்று முடித்து, ஃபியஸ்டா பவுலில் ஓரிகனை 34-17 என்று வென்றது. அதன் முன்னணி டைட் எண்ட் சார்லி கோலர், ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மன் நகரத்துப் பையன். 2021-ல் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்துத் தரப்படும் வில்லியம் கேம்பல் விருதையும் வென்றார். தன் வாசலில் நின்ற பையனை ஓக்லஹோமா கோட்டைவிட்டது.

ஜார்ஜியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பரிசீலனை முழுமையாகாது. 2022-ல் 15 ஆட்டமும் வென்று, இறுதியில் டி.சி.யூ. அணியை 65-7 என்று நொறுக்கிய அந்த அணியில் பிராக் பவர்ஸும் டார்னெல் வாஷிங்டனும் இருந்தார்கள். வாஷிங்டன் 6 அடி 7 அங்குலம், லைன்மேனைப்போல் மறிப்பார். பவர்ஸ் 230 பவுண்டு எடையில் ரிசீவராக, டைட் எண்டாக, ஓட்டக்காரராக எல்லாமாக ஆடினார். கென்ட் ஸ்டேட்டுக்கு எதிராகப் பந்தை வாங்கிக்கொண்டு 75 கஜம் ஓடி டச் டவுன் போட்டார். முதலாண்டு மாணவராக 2021-ல் 13 டச் டவுன் பாஸ் பிடித்தவர் அவர். மேக்கி விருதை இருமுறை வென்ற முதல் ஆளும் அவரே. ஜார்ஜியாவின் பாடம் இரண்டு வேறு உடல்களை ஜோடி சேர்த்ததில் இருக்கிறது. இருவரும் களத்தில் இருக்கும்போது எதிரணி எந்த ஆட்களைப் போட்டாலும் இருவரில் ஒருவருக்கு அது வசதியாக அமைந்துவிடும். ஒரே பையனிடம் எல்லாத் திறமையும் கிடைப்பது அரிது. ஆகவே டைட் எண்ட் அறையில் ஒரே அச்சில் வார்த்த நாலு பேரை வைத்துக்கொள்வது வீண்.

சரி, இப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவும் இன்று ஸ்ப்ரெட்தான் ஆடுகின்றன. அதுவும் டைட் எண்டே இல்லாத ஸ்ப்ரெட். உயரமான பையன் விளிம்பில் ரிசீவராக நிற்கிறான். கனமான பையன் லைனுக்குப் போய்விடுகிறான். கோடைக்கால ஏழு பேர் ஆட்டங்களில் மோதலே கிடையாது. ஓடிப் பிடிப்பது மட்டும்தான். ஆக, கல்லூரிக்குத் தேவையான டைட் எண்ட் பள்ளியில் டைட் எண்டாக ஆடிக்கொண்டிருப்பதே அபூர்வம். தயாரான ஆளைத் தேடுகிறவர்கள் மிகச் சிறிய குளத்தில் மீன் பிடிக்கிறார்கள்.

வென்றவர்கள் வந்த வழியைப் பார்த்தால் இது தெளிவாகும். ஆண்ட்ரூஸ் அரிசோனாவில் பள்ளி ரிசீவர். டிராவிஸ் கெல்ஸி சின்சினாட்டிக்கு வந்ததே குவார்ட்டர்பேக்காகத்தான். 2012-ல் டைட் எண்டாக 722 கஜம் எடுத்துவிட்டுத்தான் தொழில்முறைக்குப் போனார். டால்டன் கின்கெய்ட் பள்ளியில் ஒரே ஒரு சீசன் கால்பந்து ஆடியவர், அதற்கு முன்பு கூடைப்பந்து. ஸ்காலர்ஷிப்பே தராத சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பிறகு யூட்டாவுக்கு மாறி, 2022-ல் யு.எஸ்.சி.க்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 16 கேட்ச், 234 கஜம் எடுத்தார். தொழில்முறை அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும் அடுத்த டிராஃப்டில் முதல் சுற்றிலேயே போனார். ஜிம்மி கிரகம் மயாமியில் நாலு ஆண்டு கூடைப்பந்து ஆடிவிட்டு, 2009-ல் ஒரே ஆண்டு கால்பந்து ஆடினார். அயோவாவின் டாலஸ் கிளார்க் ஸ்காலர்ஷிப் இல்லாமல் லைன்பேக்கராகச் சேர்ந்தவர். 2002-ல் மேக்கி விருது அவருக்கு. கொலராடோ ஸ்டேட்டின் டிரே மெக்பிரைட் ஃபோர்ட் மார்கன் என்ற சிற்றூரிலிருந்து வந்து 2021-ல் 90 கேட்ச் பிடித்தார். சிறிய பள்ளிகளில் உயரமும் வேகமும் உள்ள பையன் எல்லா இடத்திலும் ஆட வேண்டியிருக்கும். மறிக்கவும் விழவும் எழவும் அங்கேயே பழகிவிடுகிறான். பெரிய நகரத்து விளிம்பு ரிசீவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. அநேகமாக எல்லோரும் வேறு எங்கோ ஆடியவர்கள். ஆடிய இடம் எதுவானாலும் பந்து தங்கள் கைக்கு வரும்போதும் வராதபோதும் ஆட்டத்துக்குள் இருந்தவர்கள். குவார்ட்டர்பேக்காக ஆடியவனுக்குத் தடுப்பவர்களின் அமைப்பைப் படிக்கத் தெரியும். டைட் எண்ட் கற்க வேண்டியதில் பாதி அதுதான், ஏனெனில் மறிப்பு விதியும் பாஸ் வழியும் இரண்டையும் அவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கூடைப்பந்து ஆடியவனுக்கு உடம்பால் எதிரியை அடைத்துவிட்டு உயரத்தில் பந்தைப் பறிக்கத் தெரியும். லைன்பேக்கராக ஆடியவன் மோதலுக்குப் பயப்பட மாட்டான். மூன்றில் எது மேல் என்று கேட்டால், நான் லைன்பேக்கர் பக்கம்தான் சாய்வேன். பந்து பிடிப்பதை ஆயிரம் முறை பயிற்சி கொடுத்துக் கற்பிக்கலாம். மோதலைத் தேடிப் போகும் குணத்தைக் கற்பிப்பது மிகக் கடினம்.

காஃப்மன் விஷயத்துக்குத் திரும்பி வருவோம். அவ்வளவு பிடித்தும் 2009 டிராஃப்டில் அவர் மூன்றாம் சுற்றில்தான் போனார். ஸ்ப்ரெட்டில் எழுந்து நின்றே ஆடியவர், மறிக்கப் பழகவில்லை என்ற குறையே அவரைப் பற்றிச் சொல்லப்பட்டது. மிசூரிக்கு அதனால் நட்டமில்லை, அவரால் அந்த அணி வென்றது. ஆனால் ஆள் எடுக்கும் அறையில் உட்காரும் பயிற்சியாளர் பையனுக்கும் கடன்பட்டவர். ரிசீவராகவே நிறுத்தி ஆட வைப்பதும் டைட் எண்டாக வளர்ப்பதும் ஒன்றல்ல. புளோரிடாவின் கைல் பிட்ஸ் 2020-ல் 8 ஆட்டத்தில் 12 டச் டவுன் எடுத்து, 2021 டிராஃப்டில் 4-வது ஆளாகப் போனார். எந்த டைட் எண்டும் அதற்கு முன்னால் அவ்வளவு உயரத்தில் போனதில்லை. அவரைப் பார்த்துவிட்டுப் பல கல்லூரிகள் பெரிய ரிசீவர்களைத் துரத்தத் தொடங்கின. பிட்ஸின் வேகம் உள்ளவர்கள் ஒரு தலைமுறைக்கு ஓரிருவர். அவரை மாதிரியாக வைத்துக்கொண்டு ஆள் தேடுவது பெரும்பாலான அணிகளை ஏமாற்றத்தில்தான் கொண்டுபோய் விடும்.

அப்படியானால் பையனின் வீடியோவில் எதைப் பார்ப்பது? பந்து அவனிடம் வராத ப்ளேக்களைப் பார்க்க வேண்டும். நண்பன் பந்தோடு ஓடும்போது இவன் என்ன செய்கிறான்? யாரையாவது தேடிப்போய் மறிக்கிறானா, நின்று வேடிக்கை பார்க்கிறானா? பையன்கள் அனுப்பும் சிறப்புக் காட்சித் தொகுப்புகளில் இது இருக்காது. முழு ஆட்டத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து, வேறு விளையாட்டு எதில் எப்படி அசைகிறான் என்று பார்க்க வேண்டும். எடையைப் பற்றி 17 வயதில் கவலை வேண்டாம். தோளும் கைநீளமும் இருந்தால் 205 பவுண்டு பையன் இரண்டு ஆண்டில் 240-க்கு வருவான். ஏற்கெனவே 250 உள்ள பையன் அதே காலத்தில் லைன்மேனாகிவிடக்கூடும். நேரில் முகாமுக்கு அழைத்து, கையால் மறிக்கும் முறையை ஒரு நாள் கற்றுக்கொடுத்து, அன்று மாலைக்குள் எவ்வளவு பிடித்துக்கொள்கிறான் என்று பார்ப்பது நட்சத்திர மதிப்பீடுகளைவிட அதிகம் சொல்லும்.

காலம் இந்த இடத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உடம்பு வளர வேண்டும், மறிக்கக் கற்க வேண்டும், இரண்டு பாடப்புத்தகம் மனப்பாடமாக வேண்டும். பவர்ஸ்போல் முதல் ஆண்டிலேயே ஆடுபவர் அரிது. ஒரு மாணவர் 4 ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் வராது என்ற 2018 விதி இங்கே பெரிய உதவி. வளர்ந்துகொண்டிருக்கும் பையனை நவம்பரில் இறக்கிப் பார்க்கலாம்.

ஆனால் அதே 2018-ல், கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-ல் மாறியவுடன் ஆடலாம் என்ற அனுமதியும், மாணவர்கள் தங்கள் பெயருக்கும் படத்துக்கும் பணம் பெறும் உரிமையும் வந்தன. மூன்று ஆண்டு பொறுமையாக வளர்த்த டைட் எண்டை நாலாவது ஆண்டில் பணக்காரக் கல்லூரி அழைத்துக்கொள்ளலாம். இதனால் பல பயிற்சியாளர்கள் வளர்க்கும் வேலையையே விட்டுவிட்டு, வேறொருவர் வளர்த்ததை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெரிய கல்லூரிக்கு இது வசதியான வழி. சிறிய கல்லூரிக்கோ தன் உழைப்பைப் பறிகொடுக்கும் வழி. ஃபானின் பவுலிங் கிரீனிலேயே தங்கி அந்தச் சாதனையைச் செய்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்த அணி அவரைச் சுற்றியே தன் ஆட்டத்தை அமைத்தது. பையன் தங்குவதற்குப் பணத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, பந்து தன் கைக்கு வரும் என்ற நம்பிக்கை. டைட் எண்டைப் பேருக்கு நிறுத்திவைத்து ஆண்டுக்கு 15 பந்து வீசும் அணியால் நல்ல பையனைக் கவரவும் முடியாது, தக்கவைக்கவும் முடியாது. ஆள் எடுக்கும் பேச்சில் பயிற்சியாளர் காட்ட வேண்டியது போன சீசனில் டைட் எண்டுக்குப் போன பந்துகளின் எண்ணிக்கையை.

இப்போது புதிய நெருக்கடி ஒன்று வந்திருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குத் தீர்வின்படி 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய், அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. முன்பு ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்தவர்களையும் சேர்த்தால் பெரிய அணிகளில் 120 பேருக்கு மேல் இருப்பார்கள். அந்தக் கூடுதல் இடங்களில்தான் டாலஸ் கிளார்க் போன்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை கூடியது நல்லதுதான். ஆனால் மெதுவாக வளர்பவர்களின் வாசல் குறுகிவிட்டது. மற்ற எந்த இடத்தையும்விட டைட் எண்டுக்குத்தான் இது அதிகம் வலிக்கும், ஏனென்றால் இந்த இடத்துக்கு வந்தவர்களில் பலர் வேறு வேலைக்குச் சேர்ந்து பிறகு மாறியவர்கள்.

ஆகவே பயிற்சியாளர்களிடம் வைக்க ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 105 பெயரை எழுதும்போது டைட் எண்ட் அறைக்கு ஐந்து இடம் ஒதுக்குவீர்கள் என்றால், அதில் இரண்டை இன்னும் டைட் எண்ட் ஆகாதவர்களுக்குக் கொடுங்கள். ஒருவன் கூடைப்பந்து மைதானத்திலிருந்து வரட்டும், இன்னொருவன் ஏதாவதொரு சிற்றூரின் லைன்பேக்கராக இருக்கட்டும். அவர்களுக்கு மூன்று ஆண்டு கொடுங்கள். அதற்குள் போர்ட்டலில் விலைக்குக் கிடைப்பவரை வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அந்த இரண்டு இடத்தை யாருக்கும் விற்காதீர்கள்.